நயினாதீவு நாகபூசணி அம்மன் வழிபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாழ்ப்பாணம் வந்து இறங்கினால், பயணக் களைப்பு மாற முதலே கேட்பது "நயினாதீவுக்கு எப்ப போவம்?" என்றுதான். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள சிறு தீவு அது, நாகபூசணி அம்மன் கோயில் அங்கேதான். அதற்குப் பிறகு வரும் கேள்விகளும் அநேகமாக ஒரே கேள்விகள். உறவினரும் அயலவரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். சில விசயங்களில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். அப்படியான இடங்களில் என் அபிப்பிராயத்தை என் அபிப்பிராயம் என்றே சொல்லியிருக்கிறேன்.

நயினாதீவு அம்மன் எண்டால் ஆர்? மாரியம்மனோ, காளியோ?

பார்வதி. நாகத்தை அணிகலனாகப் பூண்டவள் என்பதால் நாகபூசணி. புவனேஸ்வரி என்றும் வழிபடுகிறார்கள். அவளோடு உறையும் சிவனை நயினார் என்று அழைப்பது அந்த ஊர் வழக்கம். வீடுகளில் பெயர்கூடச் சொல்ல மாட்டோம், 'நயினை அம்மாள்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

வேப்பமரத்தடியில் பொங்கி மடை பரவும் அம்மன் கோயில்கள் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. அவற்றிலிருந்து நயினாதீவு வேறுபடுவது, கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்று முழுக்க ஆகம முறையில் நடக்கும் பெரிய கோயிலாக இருப்பதில்தான். உயிர்ப்பலி கிடையாது.

யாழ்ப்பாணத்தில இருந்து எப்படிப் போறது?

நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் போய், மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழி. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 776ஆம் இலக்க பஸ் அந்தத் துறை வரை போகும். அங்கிருந்து படகில் இருபது நிமிடம் அளவில். வானில் போகிறவர்கள் பலர் மண்கும்பான் பிள்ளையாரடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் மேலே போவார்கள். நீங்களும் நிறுத்துங்கள், நல்ல வழக்கம்.

குறிகட்டுவானில் இருந்துதான் நெடுந்தீவுக்கும் படகு போகிறது. ஆட்கள் ஏறுகிறார்கள் என்று பின்னால் ஏறிவிடாமல், எந்தப் படகு என்று கேட்டு ஏறுங்கள். நயினாதீவிலும் இறங்குதுறை இரண்டு. ஒன்று அம்மன் கோயில் வாசலில், மற்றது நாகவிகாரை என்ற பௌத்த கோயிலுக்கு முன்னால். மாறி இறங்கினால் பயப்பட வேண்டாம், நடக்கக்கூடிய தூரம்தான். இறங்கியவுடன் படகுக்காரரிடம் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்றையும் சனத்தையும் பொறுத்து அது மாறும்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கோயிலுக்குப் படி ஏறவேணுமோ?

இந்தியாவில் மலைமேல் அம்மன் கோயில்களுக்குப் போய் வந்தவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஏற மலையும் இல்லை, நயினாதீவில் ஏறப் படிக்கட்டு வரிசையும் இல்லை. இறங்குதுறையில் இருந்து கோபுர வாசல் மட்டமான நிலம், கிட்டத்தான்.

கஷ்டமான இடம் படகில் ஏறுவதும் இறங்குவதும். படகு ஆடிக்கொண்டிருக்கும்போது கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும். சில படகுகளில் இருக்கைகள் கீழ்த்தட்டில், கூரையும் தாழ்வு. வயது போனவர்களை ஏறும் வழிக்குப் பக்கத்திலேயே இருத்துங்கள். படகில் வேலை செய்யும் பொடியளிடம் முன்கூட்டியே சொன்னால் இரண்டு பேர் கை பிடித்து இறக்கிவிடுவார்கள். வெட்கப்பட்டு அம்மாவைத் தனியாகத் தடுமாற விட வேண்டாம். பாதுகாப்பு அங்கி தந்தால் போடுங்கள், கோயிலுக்குப் போகிறோம்தானே என்று மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். திருவிழாவும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. அம்மாவைக் கூட்டிப் போவதென்றால் மாசி, பங்குனியில் ஒரு கிழமை நாளில், காலைப் படகில் போங்கள்.

எந்த நாளில போனால் விசேசம்?

வெள்ளிக்கிழமை அம்மாளின் நாள். தை வெள்ளி, ஆடி வெள்ளி, ஆடிப்பூரம், நவராத்திரி, பங்குனித் திங்கள் இவையெல்லாம் விசேசமானவை. பெருந்திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். கொடியேறிப் பதினான்காம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். பௌர்ணமிக் கணக்கு என்பதால் சில வருடங்களில் வைகாசிக் கடைசியிலேயே கொடி ஏறிவிடும். ஆகவே விமான ரிக்கற் எடுக்கமுன் அந்த வருடத் திருவிழாத் திகதியைக் கேட்டுவிடுங்கள்.

முதல்தரம் போகிறவர்களுக்கு நான் சொல்வது சாதாரண நாளில் போகச் சொல்லித்தான். மூலஸ்தானத்துக்கு நேரே நின்று, யாரும் தள்ளாமல், கண் நிறைய அம்மாளைப் பார்க்கலாம். தேர் நாளின் அனுபவம் வேறு. காவடியும், பாற்செம்பும், கற்பூரச் சட்டியும், "அரோகரா" சத்தமும் ஒன்றாய்க் கலந்து வரும்போது நிற்கிற இடமே தெரியாது. அதையும் வாழ்க்கையில் ஒருதரம் காணத்தான் வேண்டும். ஆனால் கைக்குழந்தையோடும் நடக்க ஏலாதவர்களோடும் அன்றைக்கு வேண்டாம்.

என்ன உடுப்புப் போடவேணும்? பஞ்சாபி பரவாயில்லையோ?

பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, பஞ்சாபி எல்லாம் சரி. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்கள் வேட்டி கட்டி, உள்ளே போகமுன் மேற்சட்டை, பனியன் கழற்ற வேண்டும். காற்சட்டையோடு வந்துவிட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வேட்டியைப் பையில் கூட வைத்துக்கொள்ளுங்கள். போனை உள்ளே எடுக்க வேண்டாம். வெளிவீதியில் வேண்டிய மட்டும் படம் எடுக்கலாம்.

முதல் நாள் மச்சம் சாப்பிட்டால் போகலாமோ?

மச்சம் என்றால் மீன், இறைச்சி. முதல் நாள் சாப்பிட்டிருந்தால் காலையில் தோய்ந்துவிட்டுப் போகலாம். போகிற நாளில், கோயிலால் திரும்பி வரும் வரைக்கும் மச்சம் வேண்டாம். காவடி எடுப்பவர்கள், பாற்செம்பு தூக்குபவர்கள், திருவிழா உபயகாரர் கொடியேறிய நாளில் இருந்தே வீட்டில் மச்சம் காய்ச்ச மாட்டார்கள். அது நேர்த்தியின், அதாவது அம்மாளுக்கு வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனின், ஒரு பகுதி. சும்மா கும்பிடப் போகிறவர்களுக்கு அந்த அளவு கட்டுப்பாடு இல்லை.

போற நாளில எனக்குச் சுகமில்லாமல் வந்திட்டுது. ரிக்கற் எல்லாம் போட்டாச்சு. என்ன செய்யிறது?

வழக்கம், மாதவிலக்கு நாள்களில் கோயிலுக்குள் போவதில்லை. எங்கள் பெண்கள் பெரும்பாலும் இதைக் கைக்கொள்கிறார்கள், நானும் அதை மாற்றச் சொல்லப் போவதில்லை. சொல்ல விரும்புவது வேறொன்று. கோயிலுக்குப் போவதற்காகவே நாளைத் தள்ளிப்போடுகிற குளிசையை யாரும் தந்தார்கள் என்று விழுங்க வேண்டாம். வைத்தியரிடம் கேட்காமல் எடுப்பது சிலருக்கு ஆபத்தானது. இரத்தம் உறையும் பிரச்சினை, பிரசர், தலையிடி உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

குடும்பம் உள்ளே போகட்டும். நீங்கள் இறங்குதுறைப் பக்கத்திலோ கடற்கரையிலோ இருந்து கும்பிடுங்கள். அங்கிருந்தே கோபுரம் தெரியும். பயணத் திகதி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாமல் போனதைக் குற்றம் என்று மனதில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். அப்படி அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அப்பா மோசம் போய் இன்னும் அந்தியேட்டி முடியேல்லை. போகலாமோ?

துடக்கு, அதாவது தீட்டு, கழியும் வரை போவதில்லை. எங்கள் பகுதிகளில் பொதுவாக 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகிய கிரியைகள் முடிந்த பிறகு. அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்குக் காவடி எடுப்பது, உபயம் ஏற்பது வேண்டாம் என்று சில குடும்பங்கள் வைத்திருக்கின்றன. அது அவரவர் வீட்டு வழக்கம். துக்கத்தோடு போய் அம்மாள் முன்னால் நின்று கும்பிட்டு வருவதற்குத் துடக்குக் கழிந்த பிறகு தடை எதுவும் இல்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

பாம்புக்கும் இந்த அம்மாளுக்கும் என்ன தொடர்பு? அந்தக் கல்லுக் கதை உண்மையோ?

கதை இதுதான். பக்கத்துப் புளியந்தீவில் இருந்து ஒரு நாகம் ஒவ்வொரு நாளும் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்திக் கடந்து வந்து அம்மாளைப் பூசித்தது. ஒருநாள் கருடன் அதைக் கண்டு கொல்ல வந்தான். நாகம் கடலில் இருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே இன்னொரு கல்லில் காத்து நின்றான். அந்த வழியாகக் கப்பலில் வந்தான் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மாநாய்கன். நாகத்தை விட்டுவிடும்படி கருடனை மன்றாடினான். அம்மாளுக்கு நல்ல கோயில் ஒன்று கட்டித் தந்தால் விடுகிறேன் என்றான் கருடன். வணிகன் ஒப்புக்கொண்டான். கருடன் மூன்றுதரம் கடலில் மூழ்கி, நாகத்தின்மேல் இருந்த பகையைக் கழுவிக்கொண்டு போனான். வணிகன் சொன்னபடி கோயில் எழுந்தது. பாம்பு சுற்றிய கல், கருடன் இருந்த கல் என்று இரண்டு கற்களை இன்றைக்கும் காட்டுவார்கள்.

வரலாற்று ஆதாரம் கேட்டால் இது கோயில் வழிவந்த கதை, அவ்வளவுதான். ஆனால் கதையைக் கவனித்துக் கேளுங்கள். கருடனை அம்மாள் எரிக்கவில்லை. இரண்டு பேரின் பகையையும் தன் வாசலில் வைத்துத் தீர்த்துவிட்டாள். அதற்கு ஒரு மனிதனின் இரக்கத்தைக் கருவியாக எடுத்தாள். நயினை அம்மாளைப் பயத்தோடு பார்க்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கீழே வரும் பல கேள்விகளுக்கும் என் பதில் இதில் இருந்துதான் வருகிறது.

மகளின்ர குறிப்பில நாகதோசம் எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார். கலியாணம் சரிவருகுதில்லை. நயினாதீவில என்ன செய்யவேணும்?

இராகுவும் கேதுவும் நிற்கிற இடத்தை வைத்துச் சொல்வது அது. இப்படிச் சொல்லப்பட்டவர்கள் நயினாதீவில் அருச்சனை செய்வார்கள், பாலபிசேகத்துக்குக் கொடுப்பார்கள், வெள்ளியில் செய்த சின்ன நாக உருவம் சாத்துவார்கள். சிலர் நாகப் பிரதிட்டை செய்வதும் உண்டு. இவற்றில் எதைச் செய்வதென்றாலும் கோயில் அலுவலகத்தில் கேட்டு, அங்கேயே பணம் கட்டி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளியில் ஒருவர், "நான் தோசம் கழித்துத் தாறன், இவ்வளவு ஆயிரம் தாங்கோ" என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். கழிப்புக்குக் கழிப்பு என்று தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு.

என் அபிப்பிராயத்தைத் திறந்து சொல்கிறேன். நாகம் அந்த அம்மாளின் அடியவர், அவளுக்குப் பூக் கொண்டுவந்தவர். அவளிடம் போகும்போது நாகத்தை எதிரியாக நினைத்துக்கொண்டு போகத் தேவையில்லை. மகளைக் கூட்டிப் போங்கள், ஆனால் தோசக்காரி என்ற சொல்லை அவளின் காது கேட்கச் சொல்லிச் சொல்லிக் கூட்டிப் போக வேண்டாம். ஒரு அருச்சனை, ஒரு செம்பு பால், கொஞ்ச நேரம் அமைதியாகக் கோயிலில் இருப்பது. இவ்வளவும் போதும் என்றுதான் நான் நம்புகிறேன்.

வளவுக்க நல்லபாம்பு வந்திட்டுது. பால் வைக்கட்டோ? கடிச்சால் அம்மாளுக்கு நேர்த்தி வைச்சால் போதுமோ?

பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை. வளவில் கிண்ணத்தில் வைத்தால் பூனை குடிக்கும். பால் கொடுக்க ஆசை என்றால் கோயிலில் அபிசேகத்துக்குக் கொடுங்கள். நல்லபாம்பை அடிக்காமல் விடுவது எங்கள் பழக்கம், அது நல்ல பழக்கம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, அது போக வழி விடுங்கள். விறகு, ஓலைக் குவியலை வீட்டோடு ஒட்டி வைக்காதீர்கள், எலி வந்தால் பாம்பும் வரும்.

கடித்தால் முதலில் ஆசுபத்திரி. கடித்த இடத்தை வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். மோதிரம், காப்புக் கழற்றிவிட்டு, அந்தக் கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, உடனே கொண்டு போங்கள். நஞ்சு முறிக்கும் மருந்து அங்கேதான் இருக்கிறது. போகிற வழியில் அம்மாளை நினைத்து நேர்த்தி வையுங்கள், அதற்கு நேரம் பிடிக்காது. பிழைத்து வந்தபின் தீவுக்குப் போய் நேர்த்தியைச் செய்யலாம்.

நேர்த்தி எண்டால் என்னென்ன செய்யலாம்?

ஆண்கள் காவடி, தூக்குக்காவடி எடுப்பதும் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வதும் வழக்கம். பெண்கள் பாற்செம்பு, கற்பூரச் சட்டி எடுப்பார்கள், அடிக்கடி விழுந்து கும்பிட்டு வீதி சுற்றி அடி அழிப்பார்கள். கண் வருத்தம் மாறினால் கண்மலர் சாத்துவார்கள். நாக உருவம், பட்டு, மாலை, ஒருநாள் அன்னதானம் என்று வசதிக்கேற்றபடி செய்கிறவர்கள் உண்டு.

நேர்த்தி வைக்கும்போது உங்களால் செய்யக்கூடியதை வையுங்கள். அந்தரத்தில் "தேர் செய்து தாறன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு நித்திரை இல்லாமல் கிடப்பதில் பிரயோசனம் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் ஆனி வெயிலில் சுடுமணலில் பிரதட்டை செய்வதையும், அலகு குத்துவதையும் தவிர்க்க வேண்டும். காயம் ஆறாது.

அம்மம்மா எனக்காக வைச்ச நேர்த்தி ஒண்டு கிடக்குதாம். என்ன நேர்த்தி எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவவும் இல்லை. இப்ப என்ன செய்ய?

கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் அதிகம் வருகிற கேள்வி இது. சண்டைக் காலத்தில் வங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இருந்து வைத்த நேர்த்திகள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வைத்த நேர்த்திகள், கடல் தாண்டப் பாதை இல்லாமல் அப்படியே நின்றுபோனவை எத்தனையோ. வைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நீங்கள் செய்யலாம். என்னவென்று தெரியாவிட்டால், அம்மம்மா பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஒரு அருச்சனை, உங்கள் பெயருக்கு ஒன்று, பிறகு அன்னதானத்துக்கு முடிந்த பணம். ஐயரிடம் விசயத்தைச் சொன்னால் சங்கற்பத்தில் சேர்த்துச் சொல்வார். இருபது வருடம் பிந்தியதற்காகக் கூடுதலாகச் செய்ய வேண்டுமோ என்று ஒருவர் கேட்டார். அம்மாள் வட்டிக்குக் கொடுத்தவள் இல்லை. அம்மம்மா அன்றைக்கு உங்களுக்காகத்தான் வேண்டினா. நீங்கள் நல்லாய் இருந்து, அவவை நினைத்து அந்த வாசலுக்கு வந்து நிற்கிறீர்கள் என்றால் நேர்த்தியின் முக்கியமான பங்கு முடிந்துவிட்டது.

பிள்ளை பிறந்தால் 'நாக' எண்டு பேர் வைக்கவேணுமோ? எத்தனை நாளில கொண்டு போகலாம்?

நாகலிங்கம், நாகராசா, நாகரத்தினம், நாகேஸ்வரி, நாகம்மா, நாகபூசணி. பழைய வகுப்பு இடாப்பைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இந்தப் பெயர்கள்தான். அநேகம் நேர்த்திக்கு வைத்தவை. வைப்பதாக நேர்ந்திருந்தால் வையுங்கள், பதிவில் வேறு பெயர் வேண்டுமென்றால் வீட்டுப் பெயராகவாவது வையுங்கள். நேராவிட்டால் கட்டாயம் இல்லை.

31ஆம் நாள் துடக்குக் கழித்தபிறகு கோயிலுக்குக் கொண்டு போகலாம். ஆனால் முதலில் வீட்டுக்குக் கிட்டின கோயில். நயினாதீவுக்குக் கொஞ்சம் பொறுத்து, கடல் அமர்ந்த மாதத்தில். சோறு தீத்துகிற வயதில் கொண்டு போவது பலருக்கு வசதியாக இருக்கிறது.

அன்னதானத்தில சாப்பிடலாமோ? காசு குடுக்கிறதோ?

கட்டாயம் சாப்பிடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். மதியப் பூசை முடிந்து பந்தி இருக்கும். சாப்பாட்டு மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். அந்தப் பெயர் ஏன் என்று விகாரைக் கேள்வியில் வருகிறது. எங்களுக்கு வசதி இருக்கிறதுதானே, ஏழைகள் சாப்பிடட்டும் என்று எழும்பிப் போகிறவர்கள் உண்டு. அது பிரசாதம். பக்கத்தில் இருப்பவர் ஆர் எவர் என்று பாராமல் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவதும் அந்தக் கோயிலில் வழிபாடுதான். போட்டதை மிச்சம் விடாதீர்கள். தீவில் நல்ல தண்ணீரே அருமை, சமைப்பதற்குப் படுகிற பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நயினாதீவுக்குப் போக ஏலாது. சீரணி அம்மாளிட்டப் போனால் அதே பலனோ?

சண்டிலிப்பாய் சீரணியில் இருப்பதும் நாகபூசணிதான். கடல் தாண்ட முடியாதவர்கள் அங்கே போய்க் கும்பிடுகிறார்கள். இலண்டன் என்பீல்டில் உள்ள பிள்ளைகள் அங்குள்ள நாகபூசணி அம்மனிடம் போகிறார்கள். வழிபாட்டுக்கு இவை எல்லாம் நிறைவானவை. நயினாதீவு என்று பெயர் சொல்லி வைத்த நேர்த்தியை மட்டும் நயினாதீவில் செய்யுங்கள். நேரில் போக ஏலாவிட்டால் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

சக்தி பீடம் திருகோணமலையில எண்டினம். பிறகு நயினாதீவையும் சொல்லினம். எது சரி?

பட்டியல்கள் இரண்டு. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் பதினெட்டுப் பீடத் தோத்திரம் 'லங்காயாம் சாங்கரீ தேவீ' என்று தொடங்குகிறது. அந்தச் சங்கரியைத் திருகோணமலையில் வைத்து வழிபடுகிறார்கள், கோணேசர் மலையில். நீங்கள் மலைமேல் அம்பாளைத் தேடினால் எங்கள் நாட்டில் அங்கேதான் போக வேண்டும். ஐம்பத்தொரு பீடங்களைச் சொல்லும் மற்றப் பட்டியலில், இலங்கையில் சதிதேவியின் சிலம்பு விழுந்தது, தேவியின் பெயர் இந்திராட்சி, பைரவர் இராட்சசேசுவரர் என்று வருகிறது. நயினாதீவைப் பீடம் என்பது இதைக் கொண்டு. கௌதமரின் சாபத்தால் உடலெல்லாம் குறியான இந்திரன் இங்கே வந்து வழிபட, அம்மாள் அவற்றைக் கண்களாக மாற்றினாள் என்ற கதையும் இந்திராட்சி என்ற பெயரோடு சேர்ந்ததுதான்.

ஆகவே ஒன்று சரி என்றால் மற்றது பிழை என்று ஆகாது. இரண்டு ஊராரும் இதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

நாகவிகாரைக்கும் போகலாமோ? அது பிறகு வந்தது எண்டினமே. மணிபல்லவம் எண்டதும் இதுதானோ?

போகலாம். தெற்கில் இருந்து வரும் சிங்களச் சனங்களில் பலர் விகாரைக்குப் போய்விட்டு எங்கள் அம்மாளிடமும் வந்து தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். மகாவம்சத்தில், மணிகள் பதித்த ஆசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற மாமன் மருமகன் நாக அரசர்கள் போருக்கு நின்றபோது புத்தர் நாகதீபம் வந்து சமாதானம் செய்தார் என்று இருக்கிறது. அந்த நாகதீபம் இதுதான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை.

எங்கள் மணிமேகலைக் காப்பியத்திலும் கிட்டத்தட்ட இதே செய்தி உண்டு. நாகநாட்டு அரசர் இருவரின் சண்டையைத் தீர்த்த புத்த பீடிகை மணிபல்லவத் தீவில் இருக்கிறது. மணிமேகலா தெய்வம் மணிமேகலையை அங்கே கொண்டுபோய் விடுகிறது. தீவதிலகை வழிகாட்ட, கோமுகிப் பொய்கையில் இருந்து ஆபுத்திரனின் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. மணிபல்லவம் நயினாதீவே என்று பல அறிஞர் சொன்னார்கள், மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். எது எப்படியானாலும், பசித்தவருக்குச் சோறு போடும் அந்தப் பாத்திரத்தின் பெயரை அன்னதான மண்டபத்துக்கு வைத்தது பொருத்தம்.

ஆர் முதல், ஆர் பிறகு என்ற கேள்வியில் அரசியல் நிறைய ஏறிவிட்டது. பழைய காலத்தில் தமிழர்களும் பௌத்தராக இருந்தார்கள் என்பதற்கு மணிமேகலையே சாட்சி. கும்பிடப் போகிற நாளில் அந்த வழக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் விருப்பம்.

கோயில் ஆயிரம் வருசப் பழசு எண்டினம். கோபுரம் புதிசாய் இருக்கே?

இடம் பழசு, கட்டடம் புதிது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கையில் விழுந்தது. அடுத்த வருடம், 1620இல், பழைய கோயில் இடிக்கப்பட்டது என்பது வரலாறு. அம்மாளின் திருவுருவை ஊரவர் ஒளித்து வைத்துக் காத்ததாகத் தீவில் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், கோயில் மறுபடி எழுந்தது. 1986இல் தாக்குதலுக்கு உள்ளாகித் தீயில் பெரும் சேதம் அடைந்தது. நீங்கள் காண்கிற 108 அடி இராசகோபுரம் சண்டை முடிந்தபின் கட்டி 2012இல் நிறைவானது. கோபுரம் புதுசு என்று மனம் குறைய வேண்டாம். இடித்ததையும் எரித்ததையும் ஒவ்வொரு தரமும் சனங்கள் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

பழமைக்குக் கையால் தொடக்கூடிய சான்று வேண்டுமானால் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு. ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களைப் பாதுகாக்க வேண்டும், யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி பாதி என்கிறது. சிங்கள அரசன் தமிழில் வெட்டிய ஆணை. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதைச் சொல்லிக் கொடுங்கள். மாநாய்கனின் கப்பல் வந்த கடலும் இதுதான்.

மருமகன் வெள்ளைக்காரன். உள்ள விடுவினமோ?

விடுவார்கள். மேலே உடுப்புப் பற்றிச் சொன்னது அவருக்கும் பொருந்தும். வேட்டி கட்டத் தெரியாவிட்டால் இடுப்புப் பட்டி வைத்துக் கட்டிவிடுங்கள். விபூதியை எந்தக் கையால் வாங்குவது, எங்கே விழுந்து கும்பிடுவது என்று முதலே சொல்லிவிட்டால் அவர் கூச்சப்பட மாட்டார்.

மூண்டு தரம் போய் வந்திட்டம். இன்னும் பிள்ளை இல்லை. எங்களில ஏதும் குற்றமோ?

இல்லை. இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் மனைவிதான். கேட்கும்போது குரல் எப்படி உடைகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி ஒரே தரம் போய்ப் பெற்றுவிட்டாளே, எனக்கு மட்டும் ஏன் என்று யோசிக்கத் தொடங்கினால் முடிவில்லை. நாகத்தை எந்தப் பிறவியிலோ அடித்த பாவம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், மேலே எழுதிய கருடன் கதையை அவருக்குச் சொல்லுங்கள். துரத்திவந்த கருடனையே மன்னித்த வாசல் அது.

வைத்தியரிடம் இன்னும் போகவில்லை என்றால் போங்கள், இரண்டு பேரும் போங்கள். குறை கணவன் பக்கத்திலும் இருக்கலாம். பெண்ணை மட்டும் பரிசோதித்துக்கொண்டு வருடக்கணக்கைக் கழித்த குடும்பங்கள் எங்கள் ஊரில் அதிகம். கோயில் மாறத் தேவையில்லை, மருந்தை விடத் தேவையில்லை, இரண்டும் கூடவே போகட்டும். அடுத்தமுறை நயினாதீவுக்குப் போகும்போது மாமி, மச்சாள் என்று ஒரு வான் நிறையச் சனத்தோடு போகாமல், நீங்கள் இருவரும் மட்டும் ஒரு கிழமை நாளில் போய், இருவர் பெயருக்கும் அருச்சனை செய்து, மத்தியானம் அமுதசுரபியில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.